கலிங்கிப் பள்ளத்து விரால்

மறுநாள் காலை பஸ்ஸுக்கு ஆரோக்கியதாஸ் திருப்பூர் போகிறார். மகன் வரச் சொல்லிவிட்டான். சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. சாரத்தில் நிற்கிற ஆளுக்குப் பலகை எது, சந்து எது என்று தெரியாமல் போனால் அப்புறம் என்ன வேலை. அவர் கிளம்புவதற்குள் வெள்ளாற்று மீன் ஒன்றைப் பிடித்துக் குழம்பு வைத்துப் போட்டுவிட வேண்டும் என்று கூட வேலை பார்க்கிற அடைக்கலம் ஒற்றைக் காலில் நின்றார்.

பாலம் கட்டுகிற சென்ட்ரிங் ஆட்களுக்கு ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஆறு. இருவரும் இள வயதில் பவானிக் கரையில் ஒரே கொட்டகையில் படுத்தவர்கள். புது ஊரில் இறங்கியதும் மற்றவர்கள் டீக்கடை தேடுவார்கள். இவர்கள் கொக்கு எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். பவானியில் கடலைப் புண்ணாக்கு உருண்டைக்குக் கெண்டை ஓடி வந்தது. அதே உருண்டையைப் பாரதப்புழையில் போட்டால் ஒரு மீனும் சீண்டவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி பார்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவித்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு துண்டு கொடுத்தாள். கிருஷ்ணாவில் பாஷை தெரியாத படகுக்காரன் ஒருவன் இவர்கள் தக்கையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நூலை விரலில் சுற்றிவிட்டான். மீன் தொடுவது விரலுக்குத் தெரியும் என்று கையாலேயே சொன்னான். அந்தப் பாலங்களில் இப்போது பஸ் ஓடுகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பாலம். அடைக்கலத்துக்கு ஒவ்வொன்றும் ஒரு குழம்பு வாசனை.

தாஸின் சொந்த ஆறான தாமிரபரணியில் வேலை வந்தபோது, தாஸ் வீட்டுக்குக் கூட்டிப்போய் வாளை மீன் போட்டார். கை கழுவும்போதே அடைக்கலம் சொல்லிவிட்டார்: "எங்க ஊரு ஆத்து மீன ஒருநா ஒங்களுக்கு ஆக்கிப் போடுறேன்."

"உம்ம ஊரு ஆத்துல மணல் லாரிதானவே ஓடும்" என்றார் தாஸ். அதன்பிறகு எந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்தாலும் இந்தக் கிண்டல் தப்பாது.

இந்த வருஷம்தான் புதுக்கோட்டைச் சீமையில் வேலை வந்தது. மழையும் வந்தது. வல்லத்திராக்கோட்டையில் பிறந்தவர்தான் அடைக்கலம். மீசை முளைக்குமுன் பிழைக்கப் போனவர் தன் ஊர் ஆறான வெள்ளாற்றைத் தண்ணீரோடு பார்த்ததில்லை. அவருக்கே இது பழகாத ஆறு. எந்த இடத்தில் ஆழம், எந்த இரைக்கு மீன் வரும், ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் சாயங்காலம் புழுவைக் கரைத்ததுதான் மிச்சம்.

தாஸ் கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாயும்போது அந்தப் பள்ளத்தைக் கண்டார். பக்கத்துக் கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் கலிங்கி வழியாக விழுந்து, ஆற்று ஓரத்தில் இடுப்பளவு குழி பறித்திருந்தது. உள்ளே விரால் புரண்டது.

"யாரு எடம்வே இது? கேட்டுட்டுப் போடுவோம்" என்றார் தாஸ். எந்த ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். கேட்காமல் நூல் நனைத்ததில்லை.

"எங்க சீமையில நான் யார்ட்டங்க கேக்குறது? நீங்க சும்மா வாங்க."

தவளையைக் கோத்துப் போட்டார். வெகுநேரம் ஆகவில்லை, நூல் விறைத்தது. அடைக்கலம் அதைத் தாஸின் கையில் திணித்தார். "இழுங்க, ஒங்க மீனு." தாஸ் கண்ணை மூடிக்கொண்டு விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார். முழங்கை நீளம். தடவிப் பார்த்தார். "அடேயப்பா, லாரி இல்லவே, மீனுதான்."

"அண்ணே, அத எடுக்காதீங்க."

ஆடு ஓட்டிவந்த பெண் கலிங்கி மேல் நின்றாள். பொன்னுத்தாய் என்று பிறகு தெரிந்தது.

"ஆத்து மீனுதானம்மா?" என்றார் அடைக்கலம்.

"கலிங்கிப் பள்ளமும் கண்மாயிச் சேத்திதாண்ணே. கண்மாய இன்னும் அழிக்கல, மீன் பிடிக்க விடல. ஊர்ப் பெரியவுக கரையில நின்னு துண்டு வீசுற வரைக்கும் ஊருல ஒருத்தரும் ஒரு கெண்டை தொடமாட்டோம். நீங்க எங்கிட்டு இருந்து வாரீங்க?"

அடைக்கலம் வாயைத் திறப்பதற்குள் தாஸ் சொல்லிவிட்டார்: "வல்லத்திராக்கோட்டைக்காரரும்மா. இது அவரு சீமையாம்."

"வல்லத்திராக்கோட்டையா? அப்ப ஒங்களுக்குத் தெரியாமயாண்ணே இருக்கும்?"

அவள் வைது விரட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. கேரளத்தில் கேட்டார், ஆந்திராவில் கேட்டார், சொந்த மண்ணில் கேட்காமல் போட்டார். பிழைக்கப் போன இடத்து ஆறெல்லாம் தெரிந்தவருக்கு இங்கே ஊர் வழக்கமே மறந்துபோயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நாளைக் காலை பஸ்.

"குடுங்க, விட்டுருவோம்" என்றார். மீனுக்குக் கை நீட்டினார்.

"நான் பிடிச்ச மீன நீரு எதுக்கு விடணும்?" தாஸ் தூண்டில் முள்ளைத் தானே கழற்றினார். மீனைத் தண்ணீருக்குள் வைத்து, அது உதறுகிற வரை கையை எடுக்கவில்லை. பிறகு பொன்னுத்தாய் நின்ற பக்கமாக முகத்தைத் தூக்கினார். "துண்டு எப்பம்மா வீசுவாக?"

"சித்திரையில தண்ணி வத்தவும். அன்னிக்கு யாரு வேணாலும் எறங்கலாண்ணே. அசலூரு ஆளுகதான் நெறைய வருவாக. கையில ஊத்தா இருந்தாப் போதும்."

"ஊத்தான்னா?"

"அடியில்லாத கூடைண்ணே. சேத்துல அமுக்குவோம். உள்ள மீனு முட்டும். கைய விட்டு எடுக்க வேண்டியதுதான்."

"பாக்க வேண்டாமா?"

"கலங்கல் தண்ணியில யாரு பாத்தா? எல்லாம் தடவல்தான்."

தாஸ் சிரித்தார். போனை எடுத்து அடைக்கலத்திடம் நீட்டி மகன் நம்பரைப் போடச் சொன்னார்.

"எலே, நாளைக்கு வாரேன். ஆனா சித்திரையில எனக்கு லீவு வேணும்டே... ஆமா, வீட்டுல சும்மா இருக்கதுல இருந்துதான் லீவு கேக்கேன். இங்க அடைக்கலம் எனக்கு ஒரு மீன் பாக்கி."

அடைக்கலம் ஈர நூலைச் சுற்றிக்கொண்டே பொன்னுத்தாயிடம் கேட்டார்: "ஏம்மா, ஊத்தா எங்கிட்டு விக்கிது? ரெண்டு வேணும்."