என்டர் தட்டும் வரை

வந்துவிட்டது... சுவரில் விழும் படத்தின் அடியில் அந்த வெள்ளைப் பட்டை வந்துவிட்டது, அதன் ஓரத்தில் சின்னக் கோடு ஒன்று மினுக் மினுக்கென்று என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது, அப்பாடா, இனி யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும், எனக்குக் கீபோர்டு போதும். மூச்சு இப்போதுதான் மூச்சாக வருகிறது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, ஏசி ஓடுகிறதே, பிறகு எப்படி இவ்வளவு வியர்வை? பக்கத்து நாற்காலியில் பாண்டிராஜ் எதையும் கவனித்த மாதிரி இல்லை, கொட்டாம்பட்டிப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கும் மெஷின் செய்கிறவர், அந்த மெஷினுக்குக் கண் எங்கள் லென்ஸ், அந்த லென்ஸைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கிறவன் நான். கொஞ்சம் முன்னால் என் நிலைமை என்ன? இந்த மீட்டிங் ரூம் கம்ப்யூட்டரில் மட்டும் காலையில் யாரோ சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள், திறந்தால் மேலே முழுக்கக் கலர் கலராகப் பொம்மைகள், மெனுக்கள், கீழே காலி... கமாண்ட் அடிக்கிற பட்டையைக் காணோம். ஒரேயடியாகத் தூக்கிவிடவில்லை, மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு, அங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள். மெனுவே வேண்டாம் என்று கமாண்டுக்குப் போகிறவன், அந்தக் கமாண்டை எடுக்கவே மெனுவுக்குள் போய்வர வேண்டுமாம், இதை யோசித்த புண்ணியவானை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். "என்ன செல்வம், ஆரம்பிக்கலாம்ல?" என்றார் முதலாளி இம்மானுவேல். மவுஸ் எதிரில் இருந்தது. என் வலது கை மேஜைக்கு அடியில், இடது கையின் பிடியில் இருந்தது.

கை... போன பொங்கலுக்குப் பிறகுதான் ஆரம்பித்தது, சும்மா இருந்தால் சும்மா இருக்கும், எதையாவது பிடிக்கப் போனால் நடுங்கும். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார், நீங்கள் பயப்படுகிற வியாதி இல்லை, சில குடும்பங்களில் ரத்தத்தோடு வரும் நடுக்கம், கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று. வெளியே வந்ததும் என் மனைவி சரண்யா அழுதாள், சந்தோஷத்தில்தான், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆபீஸ்ல சொல்லிருங்க, இதுல ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். இருக்கிறதே. அவளுக்கு எங்கள் பழைய ஆள் சங்கிலி அண்ணனைத் தெரியாது. லென்ஸ் கோர்க்கும் வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது, பார்வை கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான், இம்மானுவேல் தோளில் கை போட்டு, "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்" என்று பேக்கிங்குக்கு மாற்றினார், மனசார, அன்பாக. சங்கிலி அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தார், பிறகு வரவில்லை. திட்டினால்கூட எதிர்த்து நிற்கலாம், அந்த அன்பை எப்படி எதிர்த்து நிற்பது? அதனால்தான் கீபோர்டு. மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்திக்கொண்டால் விரல் சொன்னபடி கேட்கும், கேட்காமல் பக்கத்து எழுத்தில் விழுந்தாலும் அழித்துவிட்டு அடிக்கலாம், என்டர் தட்டும் வரை அது எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள ரகசியம். மவுஸ் அப்படியா? என் நடுக்கத்தை அப்படியே அம்புக்குறியாக்கி, இத்தனை பெரிய சுவரில், பல்பைச் சுற்றும் பூச்சி மாதிரி ஆட்டிக் காட்டும், அம்பு ஒரு நூல் வழுக்கினால் திறந்த மெனு மூன்றும் பொத்தென்று மூடிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து. எத்தனை பேர் முன்னால் எத்தனை தடவை மூடிக்கொள்ளலாம்? வெளியே மட்டும் கெத்து. மெனுவில் தேடுகிறவனெல்லாம் டிசைனரா என்று கேன்டீனில் பேசுவேன்.

"சார், கேமராவ இன்னும் கிட்டக்க கொண்டு வந்தா என்னாகும்? மெஷின் சைஸ் கொறையுமே..." பாண்டிராஜ் கேட்கிறார். கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். மூன்று எழுத்து, ஒரு எண், என்டர். சுவரில் கதிர்கள் வளைகின்றன, நடுவில் பளிச்சென்று இருந்த புள்ளிகள் மூலைக்குப் போகப் போகச் சிந்திய கடுகாகச் சிதறுகின்றன. "அய்யய்யோ, ஓரத்துல வர்ற கல்லு தப்பிச்சிருமே, அப்புறம் சோத்துல கடிபட்டா என்னையத்தானே ஏசுவாங்க." பொறுங்கள். லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளுக்கு நடுவே இரண்டு இடைவெளிகளைக் கூடிக் குறையும்படி அவிழ்த்துவிடுகிறேன், ஒரு வரி, இன்னொரு வரி, நடுவில் ஒரு எழுத்து தப்பி விழுகிறது, அழிக்கிறேன், யார் பார்த்தது... நீயே சரிபண்ணிக்கொள் என்று கம்ப்யூட்டருக்கு ஒரு கமாண்ட், என்டர். எண்கள் சுவரில் கடகடவென்று இறங்குகின்றன, கடுகு கூடுகிறது, மூலையும் தெளிகிறது. "யம்மாடி! தந்தி அடிக்கிற மாதிரில அடிக்கிறாரு" என்று பாண்டிராஜ் சிரிக்கிறார். "நம்ம செல்வம் அப்படித்தான் பாண்டி, மவுஸத் தொட்டா எலி கடிச்சிரும்னு பயப்படுற ஆளு," இம்மானுவேல் எப்போதும் சொல்கிற அதே ஜோக்கைச் சொல்கிறார், வருகிற ஒவ்வொரு ஆளிடமும் இதே ஜோக், நானும் எப்போதும் போலச் சிரிக்கிறேன், இன்றைக்கு நிஜமாகவே சிரிக்கிறேன். ஆர்டர் உறுதி, அவர் முகத்திலேயே தெரிகிறது. தப்பித்தேன். சுத்தமாகத் தப்பித்தேன்.

எப்படித் தப்பித்தேன்? ஆமாம், அந்தப் பட்டை தானாகவா வந்தது? பவதாரிணி... என் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிற பவதாரிணி, என் டீமில் இருக்கிற ஒரே ஆள், திருவாதவூரிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிற பெண், மெனுக்கள் ஒன்றுவிடாமல் நோண்டுவதால் நான் மெனு மகாராணி என்று பெயர் வைத்தேனே, அவள்தான் சட்டென்று கையை நீட்டினாள். மவுஸுக்கு என்று நினைத்தேன். இல்லை... கீபோர்டுக்கு. ஆல்ட்டை அழுத்தி, படபடவென்று நாலு எழுத்து, கண்கூட அதில் இல்லை, பாண்டிராஜிடம் "சார், மதுரைக்குள்ள ட்ராஃபிக் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டே தட்டினாள், அவர் அவள் பக்கம் திரும்பினார், பட்டை வந்தது. மெனுவை விசையாலேயே திறக்கலாம், எழுத்துகள் பழைய வெர்ஷனில் உள்ள அதேதான் என்பது எனக்குத் தெரியாததா, பயத்தில் மறந்து தொலைத்தது. ஆனால் அவளுக்கு எப்படி? பார்க்காமல் தட்டுகிற விரல் நேற்றைக்குப் பழகிய விரல் இல்லையே. இவ்வளவு தெரிந்தவள் ஒவ்வொரு மீட்டிங்கிலும், "அண்ணே, மெனுவ நான் காட்டுறேன், எனக்கும் பழகணும்ல" என்று மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாளே, நானும் எத்தனை மாசம்தான் பழகுவே மகாராணி என்று எல்லார் முன்னாலும் கிண்டலடிப்பேனே, அவளும் சிரிப்பாளே... யாருக்குப் பழக? மவுஸை யாரிடமிருந்து இழுத்தாள்? திரும்பி அவளைப் பார்க்கிறேன், அவள் சுவரைப் பார்க்கிறாள், மிகவும் கவனமாகச் சுவரைப் பார்க்கிறாள். சரி, ஒருத்திக்குத் தெரியும். போகட்டும், சொல்கிறவளாக இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பாள். முதலாளிக்குத் தெரியாதவரை ஒன்றுமில்லை.

இம்மானுவேல் ஃபிளாஸ்க்கைத் திறக்கிறார், வேலை நல்லபடி முடிந்தால் தன் கையால் டீ ஊற்றிக் கொடுப்பார். பாண்டிராஜுக்கு விளிம்பு வரை, பவதாரிணிக்கு விளிம்பு வரை, அவருக்கும் அப்படியே, கடைசியாக எனக்குப் பாதி. வழக்கம்தான். கடைசி ஆள் என்பதால் டீ தீர்ந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன், சரண்யாவிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன், எங்க முதலாளி டீயிலகூடச் சிக்கனம் என்று. "பையக் குடி செல்வம், சூடா இருக்கு." பாண்டிராஜ் இரண்டே மடக்கில் காலி செய்துவிட்டு டம்ளரை நீட்டுகிறார், "அண்ணே, இன்னும் இருக்கா?" "எம்புட்டு வேணும் சொல்லு!" ஃபிளாஸ்க் சாய்கிறது, டீ இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, மறுபடியும் விளிம்பு வரை, அதற்கு மேலும் உள்ளே தளும்புகிற சத்தம்... தீரவில்லை. எந்த நாளும் தீர்ந்திருக்காது. அப்படியானால் அந்த எலி ஜோக்? வருகிற ஆளெல்லாம் என்னை மவுஸைப் பிடிக்கச் சொல்லாமலிருக்க, ஒவ்வொரு தடவையும்... எப்போதிலிருந்து? தெரிந்துமா இந்த நாற்காலி இன்னும் எனக்கு? அவளிடம் அவர் சொன்னாரா, அவரிடம் அவள் சொன்னாளா, இல்லை, ஒருவருக்கொருவர் தெரியாமலே... சரண்யா சொன்னதைச் சொல்லிவிடலாமா, இப்போதே, இங்கேயே? சொன்னால் மட்டும் முழு டம்ளர் வருமா? மறுபடி மேஜைக்கு அடியில் போயிருந்த வலது கையை வெளியே எடுக்கிறேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு டம்ளரை அந்தக் கையாலேயே தூக்குகிறேன். ஆடுகிறது. டீயும் ஆடுகிறது, ஆனால் விளிம்புக்கு வெகு கீழே. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பாண்டிராஜ் மெஷினின் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், இம்மானுவேல் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகுகிறார், பவதாரிணி இன்னும் சுவரைப் பார்க்கிறாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை... இல்லை, எத்தனை அழகாக, யாரும் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.