பெஞ்சுக்குப் பின்னால் இருந்த சுவர்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. ஒரு சுவரைப் பார்த்ததும் வந்து ஒட்டிக்கொண்டது. போன வாரம் ஒரு பரிசோதனைக்காகப் பழைய காசநோய்ப் பிரிவுக்குப் போயிருந்தேன். சுவரின் நிறத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

முதல் தொடக்கம்: பெருந்தொற்று உலகையே புரட்டிப்போட்ட அந்த

(வேண்டாம். செய்தி வாசிப்பது போல இருக்கிறது.)

2

எனக்குக் காசநோய் இருந்தபோது, தினமும் காலையில் அங்கே போய் நர்ஸின் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். எங்கள் சிஸ்டர் அதில் மகா கறார். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெயின்டர். இருவருக்கும் மாஸ்க். அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்ததெல்லாம் அண்ணாந்து வாய் பிளந்த நிலையில்தான்.

அந்த மாத்திரை சிறுநீரை ஆரஞ்சாக்கிவிடும். முதல் நாள் நான் பயந்து அழுதபோது பெயின்டர்தான் தேற்றினார்.

"ஆரஞ்சுன்னு சொல்லாத தங்கச்சி. செங்கல் பொடியில கொஞ்சம் மஞ்சள் கலந்தா வர்ற ஷேடு இது. கடையில கேட்டாலும் கிடைக்காது."

அன்றிலிருந்து எங்களுக்குள் வணக்கம் போய், இன்னிக்கு என்ன ஷேடு என்பதே வழக்கமாயிற்று. சிஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

(நோயாளியாக இருந்த நாட்களுக்கு யாராவது ஏங்குவார்களா? நான் ஏங்குகிறேன். நான் விழுங்கினேனா என்று தினமும் ஒருத்தர் அக்கறையாகப் பார்த்த காலம் அது.)

3

பிறகு ஊரடங்கு. எங்கள் பிரிவு காய்ச்சல் வார்டாகிவிட்டது. சிஸ்டரையும் அதிலேயே போட்டுவிட்டார்கள். ஒரு மாத மாத்திரையைக் கையில் திணித்து எங்களை அனுப்பினார்கள். ஊருக்கே மாஸ்க் வந்தது. எங்களுக்கு இருமவே பயம் வந்தது. பெயின்டர், வேலை பார்த்த, பாதி கட்டிய கட்டடத்திலேயே மாட்டிக்கொண்டார்.

ஒரு நாள் போன் செய்தார். வழக்கம்போல ஷேடு கேட்டேன்.

"நெறமே இல்ல தங்கச்சி. மாத்திரை தீர்ந்துபோச்சு. இருமுனா கூட இருக்கறவங்க வெளிய தள்ளிடுவாங்க. சிஸ்டர்கிட்ட சொல்லேன்."

சொன்னேன். பாதியில் விட்டால் அந்த நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும் என்று சிஸ்டருக்குத் தெரியாதா? ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். கட்டடத்துக்குள் விடவில்லை, வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன் என்றார் டிரைவர். அதற்குப் பிறகு பெயின்டரின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

4

முடிவு ஒன்று: மாத்திரை போய்ச் சேர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே

(அடித்துவிட்டேன். இது கதையில்லை, என் ஆசை.)

முடிவு இரண்டு: பையைத் திறந்து பார்த்த காவலாளி பயந்துபோய் அதை

(எழுதக் கை வரவில்லை.)

5

இப்போது சுவர். எங்கள் பெஞ்சுக்குப் பின்னால் மட்டும், செங்கல் பொடியில் கொஞ்சம் மஞ்சள். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி நீலம்.

யார் அடித்தது என்று வார்டு ஆயாவைக் கேட்டேன்.

"கான்ட்ராக்டர் ஆளு ஒருத்தர்மா. நீலம் பத்தலன்னு அவரே ஏதோ கலந்து அடிச்சாரு. மூஞ்சி யாரு பார்த்தா? மாஸ்க் போட்டிருந்தாரு."

ஊரில் பெயின்டர்களுக்கா பஞ்சம்? நீலம் நிஜமாகவே தீர்ந்திருக்கலாம். என்னால் முடிக்க முடியவில்லை, உங்களிடமே விடுகிறேன். உங்கள் வீட்டுக்கு யாராவது பெயின்ட் அடிக்க வந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். மாஸ்க்கை இறக்கி, அண்ணாந்து குடித்து முடித்ததும், பழக்க தோஷத்தில் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாரா என்று பாருங்கள். காட்டினால், தங்கச்சி ஷேடு கேட்டதாகச் சொல்லுங்கள்.