பெட்டிக்குள் நின்ற மெயில்

அருள்மொழி ‘சென்ட்’டை அழுத்தியதும் லைன் போய்விட்டது. திரை பாதி வெளுத்து அப்படியே நின்றது.

2005 வைகாசி. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தோணிசாமி வைத்திருந்த பிரவுசிங் சென்டரில் இருந்தது இரண்டே கம்ப்யூட்டர். அதிலும் ஒன்று ரிப்பேர். நன்றாக இருந்ததன் முன்னால் உட்கார்ந்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அத்தை மகன் கௌதமனுக்கு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டி எழுதியிருந்தாள். சின்ன வயசில் ஒரே வீட்டில் வளர்ந்தோம், உங்களைப் புருஷனாக நினைத்துப் பார்க்க முடியவில்லை, வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள் மாமா. அவ்வளவுதான் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை; அத்தையே தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

“மெயில் போயிடுச்சாண்ணா?”

“பள்ளம் தோண்டினவனுங்க நெட்டு கேபிள அறுத்துட்டானுங்கம்மா” என்றார் அந்தோணிசாமி. “லைன் வந்தாதான் எல்லாம் போவும். அதுவரைக்கும் அப்படியே நிக்கும்.”

எங்கே நிற்கும் என்று அவள் கேட்கவில்லை. கண்ணெதிரே பெட்டி இருந்தது, அதற்குள்தான் நிற்கும். அடுத்து வந்து உட்காருகிறவர் கண்ணில் முதலில் படப்போவதே அதுதான். எழுந்திருக்கப் பயமாக இருந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

உப்பளத்திலிருந்து நேராக வந்து நின்றான் அண்ணன் செந்தமிழ். முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கௌதமனின் மெயிலைப் பார்த்து வீட்டில் சொல்வது அவன் பொறுப்பு.

“ஏய் அருளு, நீ இங்க இன்னா பண்றே?”

“ரிசல்ட் பாக்க வந்தேன்ணா.”

“எழுந்திரு. கௌதமன் மெயில் போட்டிருப்பான்.”

“லைன் இல்லியாம்ணா.”

“இல்லாட்டி இன்னா? காலையில வந்தது உள்ளதானே இருக்கும். பாத்துட்டுப் போறேன்.”

அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறான் என்றதும் அவளுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போயிற்று. செந்தமிழ் நாற்காலியின் முதுகைப் பிடித்தான். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் பலகைத் தடுப்பு, பின்னால் அண்ணன். மேஜைக்கடியில் காலால் துழாவினாள். வயர் தட்டுப்பட்டது. மடக்கி இழுத்தாள்.

திரை கறுத்தது.

“ஐயோ, இன்னாம்மா பண்ணே!” என்று அந்தோணிசாமி ஓடிவந்தார்.

“கால் பட்டுடுச்சுண்ணா.”

மெயில் அழிந்தது, இனி யாரும் பார்க்க முடியாது என்ற நிம்மதி பாதித் தெரு வரைக்கும்தான் இருந்தது. கௌதமனும் பார்க்கப்போவதில்லையே என்று அப்புறம்தான் உறைத்தது. மறுபடி எழுதலாமென்றால் லைன் வரவேயில்லை. வீட்டில் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தார்கள். வானூரிலிருந்து வந்திறங்கிய அத்தை தையல்நாயகி, “நெட்டு இல்ல, அதான். எம்புள்ள எப்பவோ சரின்னு போட்டிருக்கும்” என்று சொல்லிக்கொண்டே பூவுக்கு ஆள் அனுப்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. எடுத்த அப்பா சக்கரபாணி, “கௌதமன். உங்கிட்டதான் பேசணுமாம்” என்று ரிசீவரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

“அருளு, மூணு மெயில் போட்டேன். ஒண்ணுக்கும் பதிலக் காணோமே?”

“எதுக்கு பதில், மாமா?”

“நீ எழுதினதுக்குத்தான். அன்னிக்கே வந்துடுச்சே. எனக்கும் அதே நெனப்புதான். ஆனா நான் வேணாம்னா எங்கம்மா சோறு தண்ணி தொடாது. நீயே சொல்லிடுன்னு எழுதினேன், பாக்கலியா?”

அவள் வயரை இழுக்கும் முன்பே அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அவன் எழுதியவைதான் அவளுக்கு வரவில்லை. இப்போது சொல்வதானால் அவள்தான் சொல்ல வேண்டும். அதுவும் இங்கே, கூடத்தில், அத்தை தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருக்கும்போது.

“இன்னாவாம்?” என்றார் அப்பா.

“எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா.” ரிசீவரை நீட்டினாள். “மாமாவையும் கேளுங்க.”

அவர் வாங்கிக் கேட்டார். கேட்டு முடித்து ரிசீவரை வைத்தார்.

“பக்கத்து ரூம்ல இருக்கற எங்கிட்ட சொல்றதுக்கு சிங்கப்பூரு வரைக்கும் போவணுமாடி?”



நிச்சயதார்த்தம் நின்றது. அத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள். அருள்மொழியை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. தனியாக வெளியே அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.