நகராத சைக்கிளில் பத்து வாரம்

"மூட்டை" என்று அவனுக்குப் பெயர் வைத்தது அக்காதான். அவன் பிறந்தபோது அவளுக்கு ஆறு வயது. தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "இது பாப்பா இல்ல, மூட்டை" என்றாளாம். நாற்பத்தாறு வயதாகி, லிஃப்ட் மெக்கானிக்காக இருபது வருடம் ஓட்டிய பிறகும் பெயர் போகவில்லை. போகும்படி அவனும் நடந்துகொள்ளவில்லை. எடை தொண்ணூற்றெட்டு கிலோ. லிஃப்டுக்கு மேலே ஏறி வேலை பார்க்கும்போது கட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையில் கடைசி ஓட்டைதான் அவனுக்குச் சேரும்.

அதே மூட்டையிடம்தான் இப்போது டாக்டர் கேட்டார்: "பத்து வாரத்துல இளைக்க முடியுமா?"

அக்காவின் கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. குடியா, கூத்தா, ஒன்றும் கிடையாது. ரயில் நிலையத்தில் இருபத்தேழு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். தொண்டை கெட்டுவிடும் என்று குளிர்ந்த தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. மாற்றுக் கல்லீரல் வைத்தால் பிழைப்பாள். பிள்ளைகள் இல்லை. அவள் கணவரான மாமாவின் ரத்த வகை சேரவில்லை. தம்பியுடையது சேர்ந்தது.

"அளவும் போதும்," என்றார் டாக்டர். "ஆனா உங்க ஈரல்ல முப்பது சதவீதம் கொழுப்பு இருக்கு. பத்துக்குக் கீழ வரணும். இப்படியே வெட்டி எடுத்தா அவங்களுக்கும் உதவாது, உங்களுக்கும் ஆபத்து."

"அதுக்கு ஏன் டாக்டர் பத்து வாரம்?"

டாக்டர் அக்காவை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார். அவள் கல்லீரலில் ஒரு கட்டி இருந்தது. சின்னது. அது சின்னதாக, கல்லீரலுக்குள்ளேயே இருக்கும் வரைதான் மாற்று சிகிச்சை. ரத்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டால், பிறகு யார் கொடுத்தும் பயனில்லை. அதை அடக்கி வைக்க மருந்து கொடுப்பார்கள். ஆனால் ரொம்ப நாள் அடங்கியிருக்கும் என்று சொல்ல முடியாது.

வெளியே வந்ததும் அக்கா அவன் வயிற்றில் விரலால் குத்தினாள். "நாப்பத்தாறு வருஷமா சேர்த்து வச்சதைப் பத்து வாரத்துல கரைக்கச் சொல்றாங்க. பாவம்டா நீ."

"நீ சும்மா இருக்கா."

"நான் சும்மாதான் இருக்கப் போறேன். மிதிக்கப் போறது நீதானே."

சைக்கிள் மிதிப்பது என்று முடிவானது முழங்காலால். போன வருடம் லிஃப்ட் குழிக்குள் வழுக்கி விழுந்ததில் வலது முட்டி கெட்டிருந்தது. ஓட்டம் ஆகாது, வேக நடையும் ஆகாது. "உட்கார்ந்து மிதிங்க. முட்டி மேல பாரம் விழாது," என்றுவிட்டார் அதைப் பார்த்த மருத்துவர். அவன் பராமரித்து வந்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் உடற்பயிற்சிக்கூடம் இருந்தது. அங்கே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருபது பேர் வியர்வை சொட்டச் சொட்டச் சைக்கிள் மிதிப்பதை லிஃப்ட் கதவைக் கழற்றியபடி பல நாள் பார்த்திருக்கிறான். 'இவ்வளவு மிதிச்சும் ஒரு அடி நகரலையே' என்று மனசுக்குள் சிரித்தும் இருக்கிறான். மறுநாள் காலை ஆறு மணிக்கு, புதிதாகச் சேருபவர்களுக்கான வகுப்பில் அவனே போய் நின்றான்.

பயிற்சி கொடுத்தது முப்பது வயதிருக்கும் ஒரு பெண். எல்லோரும் கோச் என்றார்கள். தணிந்த குரல். ஆனால் பாட்டுச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

"சைக்கிள் பக்கத்துல நில்லுங்க சார். சீட்டு உங்க இடுப்பெலும்பு உயரத்துக்கு வரணும். இடுப்பெலும்பு எங்க இருக்கு, தொட்டுக் காட்டுங்க."

அவன் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தான். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தேடுங்க, உள்ளதான் இருக்கும்," என்றாள் கோச். பக்கத்துச் சைக்கிளில் இருந்த பல் டாக்டர் அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அவனுக்கும் சிரிப்பு வந்தது.

கைப்பிடியைச் சீட்டைவிடக் கொஞ்சம் உயர்த்தி வைத்தாள். மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியே இருக்க வேண்டும், விறைக்கக் கூடாது என்றாள். கைப்பிடிக்குக் கீழே நடுவில் இருந்த திருகை வலப்பக்கம் திருப்பினால் சுமை ஏறும், இடப்பக்கம் திருப்பினால் இறங்கும். அவன் உடனே கேட்டான்: "பிரேக்கு?"

"அதே திருகைக் கீழ அமுக்குங்க. இதுவரைக்கும் முதல் நாள்ல யாரும் இதைக் கேட்டதில்ல சார்."

"நான் லிஃப்ட் வேலை பார்க்கிறவன். நிறுத்தத் தெரியாம எதையும் கிளப்ப மாட்டோம்."

முன்னால் இருந்த சக்கரம் கனமானது. தெருச் சைக்கிளைப் போல மிதிப்பதை விட்டால் சும்மா சுற்றாது. காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நான்காவது நிமிடமே அவனுக்கு மூச்சு நெஞ்சில் முட்டியது. ஏழாவது நிமிடம் கண் இருட்டியது. வகுப்பு முடிந்து லிஃப்டுக்குள் சாய்ந்து நின்றபோது கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருந்தன. மூன்று நாள் வேலைக்குப் போகும் வேனில் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தான்.

"பேச முடியிற அளவுக்கு மூச்சு இருக்கணும்," என்று கோச் தினமும் சொல்வாள். "பேச முடியலேன்னா சுமையைக் குறைங்க." அவன் குறைக்கவில்லை. அவள் திரும்பும் நேரம் பார்த்துத் திருகை வலப்பக்கம் தள்ளுவான். மூன்றாவது வாரம் ஒரு காலை தலை சுற்றி, கைப்பிடியின் மேலேயே கவிழ்ந்துவிட்டான். கோச் அவனை இறக்கித் தரையில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இன்னும் தணியும்.

"எதுக்கு சார் இந்த அவசரம்? கல்யாணமா? போட்டோ எடுக்கணுமா?"

அவன் படுத்தபடியே சொன்னான். அக்கா, முப்பது சதவீதம், கட்டி, பத்து வாரம், எல்லாம்.

அவள் அவன் காலை மெல்லக் கீழே இறக்கினாள். பிறகு சொன்னாள்: "வெறி பிடிச்ச மாதிரி மிதிச்சா நாலு நாள்ல படுத்துருவீங்க. படுத்தா எல்லாம் போச்சு. நிதானமா, ரொம்ப நேரம். வகுப்பு முடிஞ்சதும் இன்னும் அரை மணி நேரம் இருங்க, நான் கூட இருக்கேன். என்னை நம்புங்க."

நம்பினான். மறுநாளிலிருந்து மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு சைக்கிள் அவனுக்காகக் காலியாக இருந்தது. மற்றவர்கள் போன பிறகு அவளும் பக்கத்தில் ஏறி அவனோடு மெல்ல மிதிப்பாள். மூச்சு இருக்கிறதா என்று பார்க்கப் பேச்சுக் கொடுப்பாள். வீட்டில் மனைவி எல்லாவற்றையும் எடை போட்டுத் தட்டில் வைத்தாள். ஒரே ஒரு நாள்தான் அவள் வாய் திறந்தாள். "அக்கா பொழைக்கணும். நீங்களும் முழுசா திரும்பி வரணும். ரெண்டையும் நான் கேட்கக் கூடாதா?" அவன் தட்டைக் கழுவி வைத்தான்.

ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போவான். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து அவள் தொழில் குரல் கேட்கும்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தொண்ணூற்று நான்கு கிலோ எடையுள்ள வண்டி இன்னும் சற்று நேரத்தில் கூடத்திற்கு வந்து சேரும்." மாமா எடைக் கருவியைத் தயாராக எடுத்து வைத்திருப்பார். தொண்ணூற்று நான்கு தொண்ணூற்றொன்று ஆனது, பிறகு எண்பத்தொன்பது. அவன் கன்னம் ஒட்டியது. அவள் கண் மஞ்சளானது. கை கால் குச்சியாகி வயிற்றில் மட்டும் நீர் கோத்துக்கொண்டது.

"பார்த்தியா," என்றாள் ஒரு ஞாயிறு, தன் வயிற்றைத் தடவிக்கொண்டே. "நீ இறக்கி வச்ச மூட்டையை நான் தூக்கிக்கிட்டேன்."

எட்டாவது வாரம் அவன் போனபோது அறிவிப்பு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி வந்துடுச்சா?" என்று மாமாவிடம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. ரத்தத்தில் விஷம் ஏறினால் இப்படிக் குழம்பும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மருந்து கொடுத்ததும் மறுநாள் தெளிந்துவிட்டாள். அன்றைக்கு அவன் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மிதித்தான். "பேச முடியுதா?" என்று கோச் கேட்டாள். முடியும் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

பத்தாவது வாரம் இருவருக்கும் ஒரே நாளில் ஸ்கேன். முதலில் அவனுக்கு. எடை எண்பத்தாறு. கொழுப்பு எட்டு சதவீதம். படம் எடுத்த இளம் டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். "இப்படி யாரும் குறைச்சு நான் பார்த்ததில்ல சார்." அவன் நடைபாதையிலிருந்தே கோச்சை அழைத்தான். "எட்டு" என்றான். அந்தப் பக்கம் அவள் கத்துவதும், வகுப்பு முழுவதும் கை தட்டுவதும் கேட்டது.

மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் மூன்று பேரையும் பெரிய டாக்டர் உள்ளே கூப்பிட்டார். மேசை மேல் அவனுடைய படம் இல்லை. அக்காவுடையது மட்டும்தான் இருந்தது.

"கட்டி ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கு," என்றார்.

மாமா முதலில் புரிந்துகொள்ளவில்லை. "அதுக்கு என்ன மருந்து டாக்டர்?" என்று கேட்டார். அவன் கேட்டது வேறு. "என்னோடது எட்டு, டாக்டர். பார்த்தீங்களா? எட்டு."

"பார்த்தேன். உங்க ஈரல் இப்ப ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வச்சாலும் புது ஈரல்லயும் வந்துடும். இனிமே ஆபரேஷன் கிடையாது."

"நான் இன்னும் வேகமா குறைச்சு ஏழாவது வாரமே வந்திருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியெல்லாம் யோசிக்காதீங்க," என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

பாதி வழியில், காரின் பின் இருக்கையிலிருந்து அக்கா அவன் தோளைத் தட்டினாள். "அப்ப இந்த நல்ல ஈரலை வச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற?" அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு நிற்கவில்லை, வேறொன்றாக மாறியது. மாமா காரை ஓரமாக நிறுத்தினார். அக்கா பின்னாலிருந்து எட்டி அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். "விடுடா. விடு. ஓடினவரைக்கும் ஓடினே."

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவனுக்கு விழிப்பு வந்தது. வேறு எங்கே போவது என்று தெரியாமல் வகுப்புக்கே போனான். சைக்கிளின் கைப்பிடியில் பெரிதாக 'எட்டு' என்று எழுதிய தாளை யாரோ ஒட்டி வைத்திருந்தார்கள். பல் டாக்டர் அம்மாள் எழுந்து கை தட்டினார். அவன் யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து மிதித்தான். திருகை வலப்பக்கம் திருப்பினான், இன்னும் திருப்பினான். முட்டி விண்ணென்று தெறித்தது. கோச் ஓடி வந்து திருகை அமுக்கினாள். சக்கரம் அப்படியே நின்றது.

"சார், என்ன ஆச்சு?"

"குழாய்க்குள்ள போயிடுச்சாம். ஆபரேஷன் இல்லையாம்." அவன் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "மூணு வாரம் முன்னாடி போயிருந்தா முடிஞ்சிருக்கும். நான் வேகமாத்தான் மிதிச்சேன். நீங்கதான் நிதானமா போகச் சொன்னீங்க."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேறு யாரும் மிதிக்கவில்லை. கோச் திருகின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. சொன்னது அநியாயம் என்று வாயை மூடுவதற்குள்ளேயே அவனுக்குத் தெரிந்தது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ள வாய் வரவில்லை. இறங்கி, படி வழியாகப் போய்விட்டான்.

அக்கா ஆறு வாரம் இருந்தாள். கடைசி நாட்களில் அவனை அடையாளம் தெரியவில்லை. "யாருங்க இவரு, ஒல்லியா?" என்று மாமாவிடம் கேட்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், அவன் கரண்டியால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள்.

அந்தக் கட்டடத்து வேலைக்கு அவன் பிறகு வேறு ஆளைத்தான் அனுப்பினான். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, அந்த ஆள் விடுப்பில் இருந்தபோது லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. அவனே போக வேண்டியதாயிற்று. மூன்றாவது மாடியில் கதவைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கோச் வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். அல்லது தூக்கம் கெட்டிருந்தாள்.

"அக்கா?" என்றாள்.

"போயிட்டாங்க. ரெண்டு மாசம் ஆச்சு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் திருப்புளியைக் கீழே வைத்தான். இத்தனை நாள் வேனில் தனியாகப் போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். "அன்னிக்கு நான் சொன்னது... அது உங்க தப்பு இல்ல. ஏதோ வாய்ல வந்துடுச்சு."

"நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன் சார்," என்றாள் அவள். "தினமும் பார்க்கிறேன். மூணாவது வாரத்துல இருந்து உங்களைக் கொஞ்சம் கூட்டி மிதிக்க விட்டிருந்தா ஏழு வாரத்துல வந்திருக்குமோன்னு. சில நாள் வரும்னு தோணுது. சில நாள் வராதுன்னு தோணுது."

"வந்திருக்காது கோச்."

"நிஜமாவா?"

அவன் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் குரல் எழும்புவதற்குள், அவனுக்கும் நிச்சயமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே, "சரி சார், வகுப்புக்கு நேரமாச்சு," என்று உள்ளே போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் தொப்பையோடு சைக்கிள் பக்கத்தில் விறைத்து நின்றிருந்தார். அவள் குனிந்து அவருக்குச் சீட்டை ஏற்றி வைத்தாள். அவர் ஏறி உட்கார்ந்ததும் திருகைத் தொட்டு ஏதோ கேட்டார். அவள் அதைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவளுக்கே மறந்துபோனது போலிருந்தது. அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டு, மொட்டை மாடி இயந்திர அறைக்கு ஏறிப் போய், லிஃப்டின் சக்கரத்தைக் கையால் சுற்றி அதை மெல்ல மெல்ல மேலே ஏற்ற ஆரம்பித்தான்.