பதினோராம் ஜோடி: விலக்கப்பட்டது

1

இந்தக் கதை ஒரு அட்டவணையின் வரியிலிருந்து வந்தது. 'ஜோடி 11. விலக்கப்பட்டது. காரணம்: வலது எலும்பு முன்பே முறிந்திருந்தது.' எழுதியவள் நான்தான். என் ஆய்வேட்டில் அந்தக் குதிரைக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். ஆத்திரம் தீராமல் இதை எழுதுகிறேன். அழகாக எழுத வராது, இப்போதே சொல்லிவிட்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி படர்ந்த காலையில் லாயத்தின் கதவுகள் திறந்தபோது...' பனியெல்லாம் இல்லை. லத்தி நாற்றம்தான் இருந்தது. அடித்துவிட்டேன்.

பிறகு: 'என் அப்பா ஒரு குதிரைக்காரர்.' இப்படிச் சொன்னால் குதிரை அவருடையது என்று நினைத்துக்கொள்வீர்கள். குதிரை முதலாளியுடையது. குளிப்பாட்டி, தீனி வைத்து, கால் நீவிவிடுவது மட்டும் அப்பா. இதுவும் சரிவரவில்லை. நேராகக் காலுக்கே வருகிறேன்.

2

பந்தயக் குதிரையின் முன்னங்கால் முட்டிக்குள்* சின்ன எலும்பு ஒன்று இருக்கிறது. ஓடும் வேகத்தில் அதன் முன்பக்கம் பலகை மாதிரிப் பிளந்துகொள்ளும். திறந்து, துண்டைப் பொருத்தி, திருகாணி போட்டு இறுக்கலாம். எந்தத் திருகாணி என்பதுதான் என் ஆய்வு. ஒன்றுக்குத் தலை உண்டு. எலும்புக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். இன்னொன்றுக்குத் தலையே கிடையாது. எலும்புக்குள் முழுதாக மறைந்துவிடும்.

செத்த குதிரையின் இரண்டு முட்டிகளிலிருந்தும் அந்த எலும்பை எடுப்போம். ரம்பத்தால் ஒரே மாதிரிப் பிளப்போம். இடதுக்கு ஒரு வகை, வலதுக்கு மற்றது. பிறகு எந்திரத்தில் வைத்து, விட்டுக்கொடுக்கும்வரை அழுத்துவோம். நாங்கள் உடைத்தால்தான் கணக்கில் சேரும். உடைந்தே வந்தது சேராது.

(* முட்டி என்கிறோமே தவிர, எலும்பு வரிசையைப் பார்த்தால் அது குதிரையின் மணிக்கட்டு. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப பாவம், கையை ஊனிக்கிட்டேதான் ஓடுதா?" என்றார்.)

3

பந்தயச் சீட்டில் அந்தக் குதிரைக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. அப்பா கூப்பிட்டது 'கழுதை' என்று. என்னைத் திட்டும்போது 'குதிரை'. நாங்கள் இரண்டு பேருமே கூப்பிட்ட பெயருக்குத் திரும்பிப் பார்ப்போம்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அப்பா கழுதையின் வலது முட்டியைத் தடவினார். லேசாகச் சூடு தெரிந்தது. பயிற்சியாளரிடம் சொன்னார். துணி சுற்றிக் கூட்டிவா, மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்றார் அவர். அப்பா சுற்றினார். இரண்டாவது சுற்றில் கால் மடங்கிவிட்டது. எலும்பு பொடிப்பொடியாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்பாவிடம் சொன்னார்கள். சாகடிக்கும் ஊசி போடும்போது கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான்.

அன்று வீட்டில் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தார்.

"கட்டாம விட்டிருந்தா நொண்டியிருக்கும். நொண்டியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நான்தானே கண்ணு கட்டுனேன்."

மறுநாள் தானாகவே கேட்டு லத்தி அள்ளும் வேலைக்கு மாறிக்கொண்டார். இன்றுவரை எந்தக் குதிரையின் காலையும் தொடவில்லை.

4

(பயிற்சியாளரைப் பற்றி. முதல் பிரதியில் அவருக்குத் தொப்பையும் தங்கக் கடிகாரமும் வைத்தேன். திட்ட வசதியாக இருந்தது. நிஜத்தில் அவர் ஒல்லி. அன்று வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று அவரும் அழுதாராம். இது என் கோபத்துக்கு இடைஞ்சல். ஆனாலும் தொப்பையை எடுத்துவிட்டேன்.)

5

ஆய்வகத்துக்குக் கால்கள் உறைந்துபோய், பையில் வரும். பதினோராம் பையில் இருந்த காலின் துணிக்கட்டைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. நீலக் கட்டம் போட்ட துணி. ஓரத்தில் மைக்கறை. அப்பா கிழித்துச் சுற்றிய என் பழைய பள்ளிச் சீருடை.

தற்செயல், கதைக்காகச் செய்தது என்பீர்கள். ஊரில் இருப்பது ஒரே பந்தய மைதானம். செத்த குதிரையை எடுத்துப்போய் அறுக்க ஒரே கூடம். அங்கே எலும்பு கேட்டு எழுதிக்கொடுத்தது ஒரே ஆய்வகம். கழுதை வேறு எங்கேதான் போகும்?

முட்டியைத் திறந்தேன். பொடியெல்லாம் இல்லை. ஒரே துண்டு. சுத்தமான பிளவு. பையோடு வந்த சீட்டில், பிழைத்தாலும் பழைய வேகம் திரும்பாது என்றும், உரிமையாளர் விருப்பப்படி ஊசி என்றும் எழுதியிருந்தது. திருகாணி போட்டிருந்தால் நடந்திருக்கும். தின்றிருக்கும். ஓடியிருக்காது, அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் இன்னொன்றும் தெரிந்தது. பிளவைச் சுற்றி எலும்பு வெளுத்து இறுகிக் கிடந்தது. மாதக்கணக்காக உள்ளேயே நடந்த வேலை. ஒரு காலையில் சுற்றிய துணி செய்கிற காரியமில்லை அது.

ஆக, அப்பாவிடம் சொல்ல என்னிடம் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. 'உங்க கட்டால உடையலப்பா.' இதைச் சொன்னால் நிமிர்ந்து உட்கார்வார். உட்கார்ந்ததும், 'பொடியாயிடுச்சுன்னாங்களே, நீ பாத்தியா?' என்பார். அப்போது இரண்டாவதைச் சொல்லியாக வேண்டும்: 'சரி பண்ணியிருக்கலாம்பா.' அவரிடம் பொய் எடுபடாது. வாய் பேசாத பிராணிகளோடு முப்பது வருஷம் இருந்த மனிதர்.

6

ரம்பம் ஓட்டும் அண்ணனை நாங்கள் 'ரம்பம்' என்றே கூப்பிடுவோம், பேச்சும் அப்படித்தான். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது நான் பதினோராம் எலும்பை எடுத்துவைத்ததைப் பார்த்துவிட்டார்.

"ஆய்வுலயே இல்லாத எலும்புக்கு எதுக்கும்மா ஸ்க்ரூ?"

நான் திருகாணிப் பெட்டியைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு நாள்தான் அவர் வாயை மூடிக்கொண்டது. எலும்பைக் கவ்வியில் இறுக்கிப் பிடித்துக்கொடுத்தார். தலையில்லாத திருகாணியை உள்ளே செலுத்தினேன். பிளவு நெருங்கி நெருங்கி, கடைசியில் மயிரிழைக் கோடு மட்டும் மிஞ்சியது. எந்திரத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இதையும் உடைக்க என்னால் முடியாது.

பன்னிரண்டில் இதை விலக்கி, மிச்சம் பதினோரு ஜோடிகளின் முடிவு அடுத்த மாதம் வந்தது. 'இரு வகைத் திருகாணிகளுக்கும் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.' இவ்வளவு பாடுபட்டு இதுதானா என்று பேராசிரியர் அலுத்துக்கொண்டார். நான் கழிவறைக்குள் போய்த் தாழ்போட்டு அழுதேன். எதைப் போட்டிருந்தாலும் தாங்கியிருக்கும் என்பதுதானே அந்த வரிக்கு அர்த்தம்.

7

முடிவுகள்.

அ) சொல்லவில்லை. நான் பட்டம் வாங்குகிறேன், வீட்டில் முதல் ஆளாக. அப்பா லத்தி அள்ளப் போகிறார். படத்தில் இரண்டு பேரும் சிரிக்கிறோம்.

ஆ) பாதி சொல்கிறேன். அப்பா என் கண்ணைப் பார்க்கிறார். மீதி தெரிந்துவிடுகிறது.

இ) எல்லாவற்றையும் சொல்கிறேன். அப்பா எழுந்து... அப்பா எழுந்திருக்காமல்... அப்பா...

ஆறு முறை தொடங்கிவிட்டேன். அதற்கு மேல் போகவில்லை.

8

இப்போது சாப்பாட்டு மேசை. எலும்பு என் பையில், அதே நீலத் துணிக்குள். அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். துணியின் ஓரம் வெளியே தெரிகிறது.

"பையில என்ன கண்ணு? உன் ஸ்கூல் துணி மாதிரி இருக்கு."

கையை நீட்டுகிறார். தடவிப் பார்த்தே சூட்டைச் சொன்ன கை. திருகாணிக்குத் தலையில்லை; எலும்பின் மேல் ஒன்றுமே தட்டுப்படாது என்று என் ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். அந்த விரல்களுக்குத் தட்டுப்படும்.

துணியை அவிழ்க்க அவருக்கு அதிக நேரம் ஆகாது. அவர் போடும் அதே முடிச்சைத்தான் நானும் போட்டிருக்கிறேன். அதற்குள் சொல்லுங்கள், இரண்டில் எந்த வாக்கியத்தை நான் முதலில் சொல்ல?