உதவிக்கு வந்தவன்

சீடி கம்பியூட்டருக்குள் போய் ஐந்து நிமிடமாக உறுமிக்கொண்டிருந்தது. இந்திரகுமார் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பாலர் பாடசாலை டீச்சர் ஸபியா, ஆஸ்பத்திரியில் ரிப்போட்டுக்குக் காத்திருப்பவளைப் போலக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“இது நல்லா வருமா தம்பி? எல்லார்ட வீட்டுலயும் விண்டோஸ்தானே ஈக்கி?”

“ஒங்க மெஷினுக்கு எட்டு வயசு டீச்சர். மெமரியும் கொறவு. புது விண்டோஸ ஏத்துனா படுத்துரும். பழசப் போட்டா வாரத்துக்கு ஒருக்கா வைரஸ் புடிக்கும். நீங்க என்னா வேல செய்யப்போறீங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

“புள்ளையளுக்குப் பாட்டு அடிச்சு பிரிண்ட் எடுக்கணும். படம் காட்டணும்.”

“நெட்டு?”

“இல்ல.”

“கேம் வெளையாடுவீங்களா?”

“எனக்கா?” என்று ஸபியா சிரித்துவிட்டாள்.

“அப்ப லேசான லினக்ஸ் ஒண்ணு போதும். இப்ப சீடியில இருந்துதான் ஓடப்போவுது, ஒண்ணையும் அழிக்கல. பாருங்க, தட்டிப் பாருங்க. புடிச்சாத்தான் உள்ள போடுவேன்.”

கேகாலைக்குப் போகும் பஸ்கள் நிற்கிற கடைத்தெருவில், தாஸிம் முதலாளியின் போன் பேசும் கொமியுனிகேஷன் கடையில் ஒரு மூலை மேசைதான் அவனுடையது. கல்லுமலைத் தோட்டத்து மூன்றாம் லயத்து வரிசை வீட்டுப் பையன். ரப்பர் பால் வெட்டப் போகாமல் தப்பித்தவன் என்று லயத்தில் கொஞ்சம் பொறாமையாகவே சொல்வார்கள். லினக்ஸுக்குக் காசு கிடையாது, யாரும் கொப்பி பண்ணி யாருக்கும் கொடுக்கலாம், எழுதிக் கேட்டால் வெளிநாட்டிலிருந்து சீடிகளைத் தபாலில் சும்மாவே அனுப்புகிறார்கள் என்று அவன் சொன்னபோது முதலாளி நம்பவே இல்லை. சும்மா கிடைப்பதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்பது அவர் வியாபாரத்தில் கற்றுக்கொண்டது.

அது பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த வருஷம். அந்த மாதம் முப்பத்திரண்டு சீடிகளோடு வந்த உறை தபால் கந்தோரில் நான்கு நாள் கிடந்து, ஒரு பக்கம் கிழித்து ஒட்டப்பட்டு அவன் கைக்கு வந்தது. வழியில் நைந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பொலிஸ் ஜீப் கடை வாசலில் நின்றது. அந்த நேரம் பார்த்துத்தானா அவனுடைய மெஷின் தன் டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்? கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடின. சார்ஜன் குனிந்து பார்த்தார்.

“மேக்க மொகக்த?” என்று சிங்களத்தில் கேட்டார், இது என்னவென்று.

இந்திரகுமாருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நிதானமாக விளக்கினான். சார்ஜன் கேட்டுக்கொண்டார். பிறகு கிழித்து ஒட்டிய உறையைத் தூக்கி அதன் முத்திரையைப் பார்த்தார், அவனுடைய அடையாள அட்டையில் பெயரைப் பார்த்தார். ஒரு கொஸ்தாப்பல் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். எழுத்துகள் பாதி வழியில் செத்தன.

“சேர், இது நம்மட புள்ள. நல்ல புள்ள” என்றார் தாஸிம். ஜீப்பில் சீடி உறையையும் மெஷினையும் ஏற்றி, அவனையும் ஏற்றியபோது அவர் கடைப் படியை விட்டு இறங்கவில்லை.

பொலிஸில் மெஷினைத் திறந்து காட்டச் சொன்னார்கள். சோதனையின் நடுவில் வயரைப் பிடுங்கியதால் அது வழக்கமான படத் திரையைக் காட்ட மறுத்தது. கறுப்புத் திரையிலேயே நின்று பாஸ்வேட் கேட்டது. அவன் அடித்தான். கறுப்புத் திரையில் பாஸ்வேட் அடிக்கும்போது ஒரு எழுத்தும் தெரியாது, ஒரு புள்ளிகூட விழாது. புதிதாகப் பழகுகிற அத்தனை பேரும் கீபோட் செத்துவிட்டது என்று கடைக்கு ஓடிவருவார்கள், அவனும் சிரித்துச் சிரித்து விளக்கம் சொல்வான். இங்கே கன்னத்தில் சார்ஜனின் அறை விழுந்தது.

“அடிக்கிற மாதிரி பாசாங்கு பண்றியா? எங்க எழுத்து?”

“எழுத்து திரையில தெரியாது சேர். ஆனா வேல செய்யும்” என்றான் சிங்களத்தில். காது கொய்யென்று இரைந்தது. அந்த இரைச்சலில் பிழையாக அடித்துவிட்டான். இரண்டாம் தரமும் அறை விழுந்தது. மூன்றாம் தரம் திறந்தது. உள்ளே பாலர் பாடசாலைப் பாட்டுகளும், யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டு அழைப்பிதழும், தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸும் இருந்தன. எல்லாம் தமிழில் இருந்தன, அங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. அதனால் அன்றைக்கும் அடுத்த நாளும் அவன் கம்பிக் கூட்டுக்குள் அடைபட்டிருந்தான்.

மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து இளம் அதிகாரி ஒருவர் வந்தார். சீடிகளைப் புரட்டினார், மெஷினைத் தட்டினார், பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

“இது லினக்ஸ். கெம்பஸ்ல நாங்களும் படிச்சோம். இதுல ஒண்ணும் இல்ல.”

இந்திரகுமாருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனிதரின் காலைத் தொட்டிருப்பான், அவர் அதற்குள் போய்விட்டார். பொலிஸ் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. கூட்டைத் திறக்கச் சொன்னார்.

“ஹரி, சரி. நீ போகலாம். போறதுக்கு முந்தி எங்க மெஷின ஒருக்கா பாரு. ஒரு மாசமா செத்துக் கெடக்கு.”

வைரஸ்தான். அவன் சீடியைப் போட்டு, உள்ளே கிடந்த பைல்களை ஒவ்வொன்றாக மீட்டு வேறு இடத்துக்கு எடுத்தான். பிறகு தன்னை அறியாமலே வழக்கமான கேள்விகளைக் கேட்டான். என்ன வேலை செய்வீங்க சேர்? நெட் இருக்கா? பிரிண்டர் என்ன மாடல்? கடிதமும் பட்டியலும்தான் என்றார் ஓ.ஐ.சி. பின்னேரம் நாலு மணிக்கு மெஷின் சுத்தமாக எழுந்து நின்றபோது அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டான்.

“எங்க ஆக்களுக்குக் கொஞ்சம் பழக்கிக் குடு. நாளைக்குப் போகலாம்.”

மறுநாள் ஒரு கொஸ்தாப்பல் ஐக்கனைக் காணவில்லை என்றார். அதற்கடுத்த நாள் பிரிண்டர் பாதிப் பக்கத்தில் நின்றது. இப்போது அவன் கூட்டில் இல்லை, பின் வராந்தாவில் கிடந்த நீள வாங்கில் படுத்தான். பிளேன்டீ கொடுத்தார்கள். அடித்த சார்ஜனே பாண் வாங்கிக் கொடுத்து, தம்பி என்று கூப்பிட்டார். வாசலைத் தாண்ட மட்டும் விடவில்லை.

அக்கா விஜயகலா தினமும் பால் நிறுத்துக் கொடுத்த கையோடு, ரப்பர் பால் வாடை போகாத சட்டையோடு, சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தினமும் அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழுந்தது அவளுக்கு. ஆறாம் நாள் தோட்டத்துத் தலைவர் இராமசாமியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தலைவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சார்ஜனிடம் பணிவாகக் கேட்டார்.

“ராலஹாமி, பயல எப்ப விடுவீங்க?”

சார்ஜன் பெரிய புத்தகத்தைத் திறந்து காட்டினார். “இதுல அவன் பேர் இருக்கா பாரு. கைதே பண்ணலையே, எப்படி விடுறது? அவன் உதவிக்கு வந்திருக்கான்.”

தலைவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். விஜயகலா கம்பி வேலி ஓரமாக வந்து தம்பியிடம் பார்சலை நீட்டினாள். “கடையில ஒன் மேசைய எடுத்துட்டாங்கடா. போட்டோ கொப்பி மெஷின் வச்சிருக்காரு. பொலிஸ் வந்த எடத்துக்கு ஆள் வரமாட்டாங்கன்னு சொல்றாரு.”

“அக்கா, அழுவாத. நான் வந்து பேசிக்கிறேன்.”

“எப்படா வருவ?”

அவன் சோற்றைப் பிரித்தான்.

எட்டாம் நாள் ஓ.ஐ.சி. ஒரு கட்டுப் படிவத்தை மேசையில் போட்டார். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருக்கிற தமிழர்களின் பதிவு. தலைவர்மார் தமிழில் நிரப்பிக் கொடுத்திருந்தார்கள். வாசிக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்த கட்டு.

“இத இங்கிலீஷ் எழுத்துல பட்டியலா அடி. மேலிடத்துக்கு அனுப்பணும். முடிஞ்ச உடனே நீ வீட்டுக்கு. இந்தத் தடவ மெய்தான்.”

அவன் பேய் பிடித்தவன்போல அடித்தான். பெயர், லயம், அடையாள அட்டை இலக்கம், வயது, வெளியூரில் இருக்கும் உறவினர். கடைசி நிரல், முன்பு பொலிஸுக்குக் கொண்டுவரப்பட்டவரா என்று கேட்டது. முந்நூறு பெயர் வரைக்கும் எல்லோருக்கும் இல்லை, இல்லை என்றே வந்தது. தப்பிதம் வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தரம் பார்த்தான். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறானோ அவ்வளவு சீக்கிரம் வீடு. யாருடைய பெயர் போகிறது என்று நினைக்க அவன் தன்னை விடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் கல்லுமலை வந்தது. முதலாம் லயம், இரண்டாம் லயம். மூன்றாம் லயத்தில் விஜயகலா, இல்லை. அடுத்த படிவம் இராமசாமியின் கோணல் கையெழுத்தில் அவனுடையது. அவனும் இல்லை என்று அடித்தான்.

பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஓ.ஐ.சி. குனிந்தார். இந்த ஒன்பது நாளில் அவர் திரையை வாசிக்க நன்றாகப் பழகியிருந்தார்.

“இது நீதானே? இதுல ஆம்னு போடு.”

“சேர், என்னைக் கைது பண்ணல்லன்னு ராலஹாமி சொன்னாரு. புத்தகத்துலயும் இல்ல.”

“கைதான்னு கேக்கலையே. கொண்டுவந்தாங்களான்னுதான் கேக்குது. கொண்டுவந்தோம்தானே?” அவர் கோபப்படவில்லை. விளங்காத ஒரு பிள்ளைக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். “திகதியும் போடு.”

வாசலுக்கு வெளியே விஜயகலா வந்து நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. இன்னும் பதினான்கு படிவங்கள் மிச்சமிருந்தன. இந்திரகுமார் இல்லையை அழித்தான். ஆம் என்று அடித்தான், திகதியும் அடித்தான். பதினான்கையும் முடித்து பிரிண்ட் கொடுத்தான்.

“மூணு கொப்பி எடு” என்றார் ஓ.ஐ.சி.

பிரிண்டர் எங்கேயும் நிற்காமல் ஓடியது. தாள்கள் சூடாக வந்து விழுந்தன. கல்லுமலைப் பக்கம் வந்ததும் அவன் அதை எடுத்து, நிரல்கள் நேராக விழுந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நேராகத்தான் விழுந்திருந்தன.