கையெழுத்து மட்டும் போதும்

வட இங்கிலாந்துக் கடலோர ஊரான மோர்கம்பில் எங்கள் வயதுக்காரர்களிடம் வில்ஃப் யார் என்று கேட்டால், "பிங்கோ கூவுவானே, அந்த வாயாடியா?" என்பார்கள். கடலோரச் சாலையில் இருந்த பிங்கோ கொட்டகையில், கையில் அட்டையோடு ஜனம் அடித்துக்கொண்டே வர, முப்பது வருடத்துக்கு மேல் எண் கூவியவன். ஓர் எண்ணை வெறுமனே சொல்லவே மாட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி வைத்திருப்பான், கூடவே முன்வரிசைக் கிழவிகளில் யாராவது ஒருத்தியைச் சீண்டுவான். ஆட்டம் தொடங்கும்போது மட்டும் குரலை இறக்கி, "கண்ணு அட்டையில!" என்பான். சளசளவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் மொத்தமும் கப்சிப். மழை பெய்தால் ஊரே ஈரக் கோட்டோடு அங்கே வந்து உட்கார்ந்துவிடும். அந்தக் கோட்டு வாடையும் சிகரெட் புகையும் வினிகர் நெடியும் கலந்த காற்றை இப்போது யாராவது குப்பியில் அடைத்து விற்றால் நான் வாங்குவேன்.

நான் அங்கே டீ விற்றேன். முப்பது வயது. கட்டிய புருஷன் கென்னை விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு பிரஸ்டனிலிருந்து வந்து இறங்கியிருந்தேன். வில்ஃப் இடைவேளையில் வந்து, "இது டீயா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றான். "உன் வாயக் கழுவ ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

கம்பளி நூல் கடைக்கு மேலே ஒரு அறை பிடித்தோம். வீட்டுக்காரி மிஸஸ் கிளெக் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கல்யாண மோதிரம் இருக்கிறதா என்று விரலைப் பார்ப்பாள். வில்ஃப் ஜன்னல் திரையிலிருந்து ஒரு பித்தளை வளையத்தைக் கழற்றி என் விரலில் மாட்டிவிட்டான். விரல் பச்சையாகிப் போனது. "கல்யாணம் ஆன பொம்பளைங்களுக்கு இவ்வளவு பெரிய மோதிரமா இருக்கும்?" என்று தேவாலயத்துக்குப் போகும் கிழவி ஒருத்தி மாடிப்படியில் நின்று கேட்பது போல அவன் குரல் மாற்றிப் பேசுவான். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் படுத்துக்கொள்வேன்.

வருடா வருடம் சுற்றுலா சீசன் முடியும் நாளன்று, கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகு, நாங்கள் கடல் சுவரில் முதுகைச் சாய்த்து, சுடச்சுடப் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸ் சாப்பிடுவோம். தண்ணீர் வடிந்து சேறு மினுங்கும். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மலைகள் தெரியும். அப்போதுதான் கேட்பான்.

"நோரீன், கல்யாணம் பண்ணிக்கலாமா?"

"சிப்ஸ் ஆறுது, சாப்பிடு."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன."

"போன வருஷமும் ஆறித்தான் போச்சு."

அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வார்த்தை மேல்தான் பயம். பத்தொன்பது வயதில், அம்மா அழ, அத்தைமார்கள் தொப்பியோடு உட்கார்ந்திருக்க, சாமி முன்னால் நின்று கென்னிடம் சத்தியம் செய்தவள் நான். மனசாரத்தான் செய்தேன். கென் குடிகாரனும் இல்லை, அடிக்கிறவனும் இல்லை. அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது, அவ்வளவுதான். கொஞ்ச வருடம் தள்ளிப்பார்த்து, அதே வாயால் "நான் போறேன்" என்றேன். விவாகரத்தும் ஆனது, சொன்ன சொல் பொய்யாகிவிட்டது. இன்னொருத்தன் முன்னால் நின்று மறுபடி அதே சொல்லை எடுக்க எனக்கு நாக்கு கூசியது. வில்ஃபுக்கு இது புரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவனே சொன்னான்: "எனக்கு வார்த்தை கடலைமுத்து மாதிரி, கை நிறைய அள்ளி வீசுவேன். உனக்கு ஒவ்வொண்ணும் ஒரு மூட்டை." சொல்லிவிட்டு அடுத்த வருடமும் கேட்டான். கேட்காமல் அவனால் இருக்க முடியாது.

விருந்தினர் விடுதி நடத்திய லெனர்டும் ஹியூவும் எங்கள் சிநேகிதர்கள். ரெண்டு ஆண்களுக்கு அந்தக் காலத்தில் கல்யாணம் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கு உள்ள உரிமையெல்லாம் தரும் துணைப் பதிவு என்று ஒன்று புதிதாக வந்தது. நாங்கள்தான் சாட்சி. பதிவு அலுவலகத்துக்குள் போனார்கள், உட்கார்ந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். வாய் திறந்து ஒரு சத்தியம்கூட சொல்லத் தேவையில்லை. சொல்ல ஆசைப்பட்டால் சொல்லிக்கொள்ளலாம், சட்டத்துக்கு வேண்டியது கையெழுத்து மட்டும். நான் வில்ஃபின் காதில், "இந்த மாதிரின்னா நான் நாளைக்கே வர்றேன்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். இந்த மனுஷன் மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும் முன்னால் வாசலில் போய் நின்றுவிட்டான்.

"சார், இது ரெண்டு ஆம்பளைங்களுக்கு, இல்ல ரெண்டு பொம்பளைங்களுக்குத்தான்."

"நான் வேணா பாவாடை கட்டிட்டு வரட்டுமா தம்பி? எனக்கு நல்ல கால்."

கவுண்டர்காரப் பையன் சிரித்ததைச் சொல்லிச் சொல்லி அந்த வாரம் முழுக்கக் கொட்டகையைச் சிரிக்க வைத்தான். என்னிடம் மட்டும் ஒரே தடவை சொன்னான், ஷூவைக் கழற்றிக்கொண்டே, கேலியே இல்லாமல்.

சட்டம் மாறி, எங்களைப் போன்றவர்களுக்கும் துணைப் பதிவு உண்டு என்று வந்தபோது கொட்டகையை இழுத்து மூடி வருடங்கள் ஆகியிருந்தன. வில்ஃப் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நடனமே ஆடினான். வசந்தத்தில் போகலாம் என்று பேசினோம். வசந்தத்தில் நோய் வந்து உலகமே கதவைச் சாத்தியது. கதவு திறந்த பிறகு, ஒரு காலையில், ஷூ மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தான்.

பக்கவாதம். வலது கை போனது, வலது கால் பாதி போனது, பேச்சு முழுதாகப் போனது. சொன்னதெல்லாம் புரிகிறது. வாயைத் திறந்தால் மட்டும் ஒரே ஒரு வாக்கியம்தான் வருகிறது. டீ வேண்டும் என்றாலும் "கண்ணு அட்டையில". கக்கூஸுக்குப் போக வேண்டும் என்றாலும் "கண்ணு அட்டையில". முதல் தடவை கேட்டபோது நான் சிரித்துவிட்டேன், அவனும் சிரித்தான். அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண், ஆமாம் என்றால் இடது கட்டைவிரலை மேலே, இல்லை என்றால் கீழே என்று பழக்கிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், நல்ல பெண்தான், என்னிடம் கேட்டாள்: "நீங்க அவர் மனைவியா?"

"இல்ல."

"அப்ப சிநேகிதி?"

நாற்பது வருடம் அவன் துணி துவைத்திருக்கிறேன், குறட்டை கேட்டிருக்கிறேன், அவன் அம்மாவைக் குளிப்பாட்டி அடக்கம் செய்திருக்கிறேன். சிநேகிதி! இன்னொரு தடவை வரலாம் என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார். வந்து அவன் போய்விட்டால் நான் யாருமில்லாமல் நிற்பேன். அன்றைக்கே தீர்மானித்தேன், ஆனால் துணைப் பதிவு வேண்டாம் என்று. ஆயுசு முழுக்கக் கல்யாணம் கேட்டவனுக்கு ஒரு கையெழுத்தைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது கஞ்சத்தனமாகப் பட்டது. அவன் கேட்டதையே கொடுத்துவிடலாம். வார்த்தையா, சொல்லித் தொலைக்கிறேன்.

"வில்ஃப், கல்யாணம் பண்ணிக்கலாம். அலுவலகத்துல நேரம் வாங்கிட்டேன்" என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. சந்தோஷத்தில் திகைத்துவிட்டான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சொல்ல வேண்டிய வரிகளைச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பழகினேன். "இங்கே கூடியிருப்பவர்கள் சாட்சியாக, இவரை என் கணவராக..." அதோடு சொல் நின்றுவிடும். மறுபடி ஆரம்பிப்பேன். ஒருநாள் தட்டு கை நழுவி உடைந்தது. இன்னொரு நாள் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதேன். அவன் முன்னறையில் நாற்காலியில் இருந்தான், டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் ரெஹானா என்ற பதிவாளர். இளம்பெண், பேச்சில் எங்கள் மோர்கம்ப் வாசனை அப்படியே. ரெண்டு பேரையும் தனித்தனியாகத்தான் விசாரிப்பார்கள், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்று தெரிய வேண்டுமே. என்னை முதலில் கேட்டாள். பிறகு சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு கதவைச் சாத்தினாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இருந்த ஒரே நல்ல கையுறையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தபோது அவள் முகம் சரியில்லை.

"அம்மா, அவருக்கு எல்லாம் நல்லாவே புரியுது. உங்க பேரு, பொறந்த நாள், தெரு, எதுலயும் தப்பு இல்ல. நான் வேணும்னே தப்பாச் சொன்னாக்கூடப் பிடிச்சுட்டார். ஆனா..."

"ஆனா என்ன?"

"கல்யாணம் பண்ணிக்க இஷ்டமான்னு கேட்டா விரலக் கீழ காட்டறார். மாத்தி மாத்திக் கேட்டுப் பார்த்தேன். கீழதான். நான் பதிய முடியாதும்மா, மன்னிச்சுக்கங்க."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் தோட்டத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. வந்ததும் வெடித்தேன்.

"இத்தன வருஷம் நச்சரிச்சு உயிர எடுத்துட்டு, இப்ப நான் சரின்னா உனக்கு வேண்டாமா? பழி வாங்கறியா? இத்தன நாளும் இதுக்குத்தான் காத்திருந்தியா?"

"கண்ணு அட்டையில" என்றான்.

"அட்டையும் வேண்டாம், மட்டையும் வேண்டாம்! நாளைக்கு நீ பாட்டுக்குப் போயிட்டேன்னா நான் யாருடா உனக்கு? வாசல்ல நின்னு எட்டிப் பார்க்கிறவளா? சொல்லு! அந்தப் பாழாப்போன வார்த்தையக்கூடச் சொல்றேன்னு..."

அவன் இடது கையைத் தூக்கி என் வாயைப் பொத்தினான்.

வாயை மூடு என்கிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கை அழுத்தவில்லை, உதட்டின் மேல் சும்மா இருந்தது. தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினான். பிறகு கையை எடுத்து, என் கண் எதிரே, காற்றில், ஒரு விரலால் கையெழுத்துப் போட்டுக் காட்டினான். ஒருமுறை என்னைச் சுட்டிக்காட்டிப் போட்டான். இன்னொரு முறை தன்னைச் சுட்டிக்காட்டிப் போட்டான்.

டிவி ஓடிக்கொண்டிருந்தாலும் அந்த மனுஷன் சமையலறையைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். உடைந்த தட்டையும், திறந்துவிட்ட குழாயையும். ஆயுசு முழுக்கக் கேட்டது கைக்குக் கிடைத்த நாளில், எனக்கு வலிக்கிறது என்று வேண்டாம் என்றிருக்கிறான். பெஞ்சில் உட்கார்ந்து அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மறுபடி உள்ளே போனோம். ரெஹானா மேசையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"கேள்விய மாத்திக் கேளு பொண்ணே" என்றேன். "கல்யாணம் இல்ல. துணைப் பதிவு."

மறுபடி தனித்தனி விசாரணை, மறுபடி சாத்திய கதவு. இந்தத் தடவை சீக்கிரமே திறந்தது. அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு கைக் கட்டைவிரலையும் தூக்கப் பார்த்தாரும்மா. ஒண்ணுதான் வந்துச்சு."

சட்டப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில் வில்ஃப் சமையலறை மேசையில் இடது கையால் பெயர் எழுதிப் பழகினான். பரணில் கிடந்த பழைய பிங்கோ அட்டைகளின் பின்பக்கம் முழுக்க நிரப்பிவிட்டான். பேனா வழுக்கினால் என்னை முறைப்பான், நான்தான் தட்டிவிட்டேன் என்பதுபோல.

பதிவு நாளன்று காற்று பலமாக இருந்தது. சாட்சிக்கு ஹியூ வந்தான், லெனர்ட் இல்லாமல், லெனர்டின் டையைக் கட்டிக்கொண்டு. கொட்டகையில் டிக்கெட் கொடுத்த மேவிஸும் வந்தாள், ஆப்பிள் கேக்கோடும் அடங்காத வாயோடும்.

"ஊர் பூரா அசிங்கமாப் பேசினதெல்லாம் வீணாப் போச்சே நோரீன். இனிமே நீ யோக்கியமானவளா ஆயிடுவ."

"உனக்குப் பேச வேற ஆள் கிடைக்காமலா போகும்?"

வில்ஃப் கையெழுத்துப் போட்டான். பெயர் கோட்டை விட்டு இறங்கி, மேசையை நோக்கிப் போய், கடைசி எழுத்தில் திரும்பி வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நான் போட்டேன், பிறகு சாட்சிகள். ரெஹானா தாளைத் திருப்பிப் பார்த்து, "அவ்வளவுதான். ஆயிடுச்சு" என்றாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் மேவிஸ். "யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். சட்டப்படி எல்லாம் முடிஞ்சுது."

சட்டப்படி எல்லாம் முடிந்திருந்தது. என்னிடமிருந்து யாருக்கும் எதுவும் தேவையில்லை. ஹியூ குடையைத் தேடினான். மேவிஸ் கேக் டப்பாவைத் திறந்தாள். நான் வில்ஃபின் நாற்காலிக்கு எதிரே குனிந்தேன். நான் வாயைத் திறப்பதைப் பார்த்ததும் அவன் கை பதறி மேலே வந்தது. அதைப் பிடித்து அவன் மடியிலேயே வைத்து அழுத்திக்கொண்டேன்.

"என் புருஷன்டா நீ" என்றேன். இந்தத் தடவை சொல் நிற்கவில்லை. "எப்பவோ ஆயிட்ட. எனக்குத்தான் சொல்ல வரல."

அவன் வாய் கோணிக்கொண்டு கண்ணீர் வழிந்தது. மேவிஸ் கைக்குட்டையை நீட்டினாள். நான் வாங்கவில்லை, அவன் கையை விட்டால்தானே வாங்க முடியும்.